முதல் பக்கத்தில் மட்டும் ஏறிய சுருதி

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் மின்விசிறி பார்க்கப் போனதில் ஆரம்பித்தது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், மின்விசிறி என்று எதைச் சொன்னாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன். வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி கேட்டார்.

“தம்பி, அவுக வச்சிருந்த பாட்டுப் பெட்டி ஒண்ணு மேல கிடக்கு. பாடுமான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறியளா?”

மாடி அறையில் பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் தேக்குப் பெட்டி ஒன்று. மூடியைத் திறந்தால் கேரார்ட் ரெக்கார்ட் பிளேயர். இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஊரில் செய்தது. பக்கத்தில் தகர டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். பாகவதரோ சிவாஜி படப் பாட்டோ இருக்கும் என்று எண்ணித்தான் முதல் தட்டை உருவினேன். அமெரிக்க ஜாஸ்காரர் மைல்ஸ் டேவிஸ். அடுத்தது டேவ் புரூபெக். அதற்கடுத்து எல்லிங்டன், ஆம்ஸ்ட்ராங். நாற்பதுக்கு மேல் எல்.பி. (நீண்டநேரம் ஓடும், வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டு), கீழே இருபது போல, நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய 78 வேகத் தட்டுகள்.

ஆச்சியின் கணவர், ஐயா, சிங்கப்பூரில் செட்டியார்களின் கிட்டங்கி (வட்டிக்கடை) கணக்கில் தொடங்கி, பிறகு வேறு கம்பெனிக்குப் போனவராம். கொண்டுவிக்கப் (கடல்கடந்து வியாபாரம் செய்யப்) போன இடத்திலிருந்து மற்றவர்கள் பீங்கானும் கண்ணாடியும் அனுப்பினார்கள். இவர் ஜாஸ் அனுப்பியிருக்கிறார். சில உறைகளின் உள்பக்கம் பென்சிலால் டாலர் கணக்கில் விலை இருந்தது. அந்தக் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தைப் பார்த்ததும் மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. எந்தத் தட்டுக்கு எத்தனை கொடுத்தோம் என்று எழுதிவைக்கிறவர் அதை ஒழுங்காகவும் கேட்டிருப்பார்.

எனக்கு ஜாஸ் வந்தது சிற்றலை வானொலியில். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி. இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். தொடக்கத்தில் எல்லிங்டன் குழுவின் ‘டேக் தி ஏ டிரெயின்’. கொரகொரப்புக்கும் விசிலுக்கும் நடுவில் அந்தப் பியானோ கேட்டால் எங்கள் வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போடுவார்கள்.

பிறகு மெட்ராஸில் படித்தபோது மூர் மார்க்கெட். சென்ட்ரல் பக்கத்திலேயே அந்தச் சிவப்புக் கட்டடம். பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே தட்டு விற்பவர்களும் இருந்தார்கள். உறையில்லாத தட்டு, தட்டில்லாத உறை, ஒன்றின் உறைக்குள் இன்னொன்றின் தட்டு, எல்லாம் கலந்து கிடக்கும். லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். பேரம் பேசிக்கொண்டே தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து, கீறலையும் நெளிவையும் பார்க்கப் பழகியது அங்கேதான். 1985இல் அது எரிந்துபோனது. ஊரில் பேருந்து நிலையத்துக்கருகே ஒரு கேசட் பதிவுக் கடைக்காரர், தட்டை உள்ளங்கை படாமல் விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுத் தூக்கச் சொல்லிக்கொடுத்தார். பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மூன்று நாளில் கேசட் தயார். அவரிடம் ஜாஸ் கேட்டதற்கு, “அது கோவா கல்யாணத்துக்குத்தான் வாசிப்பாங்க” என்றார். பாதி உண்மை. பம்பாய் ஜாஸ் குழுக்களில் கோவாக்காரர்கள் நிறைய.

தட்டு வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியாரின் தகப்பனார் ஆவிச்சிச் செட்டியார் காரைக்குடியில் வைத்திருந்த கடையிலேயே கிராமபோன் தட்டு விற்றார்கள். மகன் மெட்ராஸுக்குப் போய்த் தட்டு தயாரிப்பில் இறங்கி, அங்கிருந்து சினிமாவுக்குப் போனதெல்லாம் ஊரறிந்த கதை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

நாற்பது வருடமாகத் தொடாத எந்தச் சாமானையும் நேராக பிளக்கில் செருகக் கூடாது. சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு போட்டு, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், சாமான் தப்பித்துக்கொள்ளும். பல்பு மங்கலாக எரிந்தது. மோட்டார் ஹ்ம்ம் என்று முனகியது, சுற்றவில்லை. நல்ல செய்தி: சுருள் உயிரோடு இருக்கிறது, எண்ணெய்தான் காய்ந்துவிட்டது. துணி சுற்றிய பழைய வயர் கையில் பொடியாக உதிர்ந்தது. அதை எடுத்துவிட்டு எர்த் சேர்த்த மூன்று கம்பி வயர் போட்டேன்.

இசைத்தட்டைத் தாங்கிச் சுற்றும் மேல்தட்டை உருவினால் உள்ளே முழு ரகசியமும் தெரியும். இது பெல்ட் மாடல் இல்லை. மோட்டாரின் தண்டில் படி படியாக மூன்று விட்டத்தில் ஒரு சின்ன புல்லி. 33, 45, 78 என்று வேகத்துக்கு ஒரு படி. அதற்கும் மேல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு ரப்பர்ச் சக்கரம். புல்லி சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் மேல்தட்டைச் சுழற்றும்.

மோட்டாரைப் பிரித்து, தண்டைத் தாங்கும் புஷ்களில் இருந்த பிசினைத் துடைத்து, அவற்றைச் சுற்றியிருந்த கம்பளி வளையங்களைத் தையல் மிஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தேன். எண்ணெய் புஷ்ஷுக்கு மட்டும். ஒரு துளி ரப்பரில் பட்டாலும் வழுக்கும். கிரீஸ் என்ற பெயரில் மெழுகாக இறுகியிருந்ததைச் சுரண்ட ஐசோபுரோபைல் ஆல்கஹால் தேவைப்பட்டது. செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

ரப்பர்ச் சக்கரம்தான் தொல்லை. கடைசியாகக் கேட்ட நாளில் யாரோ வேகக் குமிழை ஆஃபுக்குக் கொண்டுவராமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். அத்தனை வருடமும் புல்லி ரப்பரை அழுத்திக்கொண்டே இருந்து, ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. சுற்றவிட்டால் டொக், டொக் என்று ஒரு சத்தம். சக்கரத்தை டிரில் மிஷினில் மாட்டி மெதுவாகச் சுழற்றி, 400ஆம் நம்பர் உப்புத்தாளை விளிம்பில் லேசாகக் காட்டினேன். பளபளத்த மேல்தோல் போய் மங்கிய கறுப்பு வந்தது. பள்ளம் முழுதாகப் போகவில்லை, சத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ரப்பரைத் தேய்த்தால் வேகம் மாறாதா என்று பக்கத்தில் நின்ற பேரப்பையன் கேட்டான். மாறாது. நடுவில் நிற்கும் சக்கரம் எத்தனை பெரிதானாலும் சிறிதானாலும், அதன் விளிம்பு நகரும் வேகம் புல்லியின் விளிம்பு நகரும் வேகம்தான். தரகர் கமிஷன் வாங்காத வியாபாரம் மாதிரி. இதை அவனுக்குச் சொன்ன நானே ஒரு வாரம் கழித்து மறந்துபோனேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜ் பழைய படிக வகை. உள்ளே இருப்பது ரோஷல் உப்புப் படிகம். ஈரமும் சூடும் அதற்கு எமன், நம் ஊரில் இரண்டும் தாராளம். அது செத்து வெகுநாள் ஆகிவிட்டது. ஆடியோ-டெக்னிகாவின் 3600எல் வாங்கிப் பொருத்தினேன். விலை குறைவு, வட்ட முனை ஊசி, கரடுமுரடான பழைய தட்டுக்கும் ஈடுகொடுக்கும். நான்கு கம்பி: வெள்ளை இடது, நீலம் அதன் எர்த், சிவப்பு வலது, பச்சை அதன் எர்த். கார்ட்ரிட்ஜ் முள்ளில் நேரடியாகச் சூட்டுக்கோல் வைக்கக் கூடாது; உள்ளே இருக்கும் நூல் போன்ற கம்பி அறுந்துவிடும். கிளிப்பைத் தனியாகப் பற்றவைத்துவிட்டுச் செருக வேண்டும். இந்தப் பாடத்துக்கு வேறொரு வீட்டில் ஏற்கெனவே கட்டணம் கட்டியிருக்கிறேன்.

இந்த ஊசி தட்டின்மேல் 2.5 முதல் 3.5 கிராம் வரை அழுத்தலாம். 3 கிராம் வைக்க நினைத்தேன். அளக்க? அதற்கென்று விற்கும் கருவியெல்லாம் வேண்டாம். தெருமுனையில் நகை செய்யும் பத்தர் இருக்கிறார். அவருடைய சின்ன டிஜிட்டல் தராசை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிவந்து, தட்டின் மட்டத்துக்கு அட்டை வைத்து ஊசியை அதன்மேல் இறக்கி, பின்பக்க எடையைத் திருகித் திருகி 3.00 வரவைத்தேன். அரைப் பவுனுக்கும் குறைவான எடைதான். ஆனாலும் அந்த எடை மயிரிழை முனையில் நிற்கும்போது தட்டுக்கு அது மலை. குறைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ரொம்பக் குறைத்தால் ஊசி, தட்டில் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளி விழும். அதுதான் தட்டை அதிகம் கெடுக்கும்.

இந்த மாதிரிக் காந்தக் கார்ட்ரிட்ஜ் சில மில்லிவோல்ட்தான் கொடுக்கும். போதாததற்கு, தட்டு வெட்டும்போது கீழ்ச் சுரங்களைக் குறைத்து மேல்ச் சுரங்களைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள்; கீழ்ச் சுரத்தை முழுதாக வெட்டினால் பள்ளம் பக்கத்து வளையத்துக்குள் போய்விடும். கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப ஒரு சின்ன முன்பெருக்கி வேண்டும். என்.இ.5532 ஐசி வைத்து ஒன்று செய்தேன். வேலை செய்தது. ஐயாவின் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தனிச் சோகம்.

தட்டுகளுக்கு வந்தால், டிரங்குக்குள் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எல்.பி.யை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அடியில் இருந்த நான்கு அப்பளமாக நெளிந்திருந்தன. சில உறைகளை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. மற்றபடி அந்த வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் தடிமன்தான் இவற்றைக் காப்பாற்றியது. சித்திரையில் வெளியே கொளுத்தும்போதும் உள்ளறையில் கை வைத்தால் சுவர் குளுகுளுவென்றிருக்கும்.

கழுவ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மிருதுவான பிரஷ், பழைய பருத்தி வேட்டி. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர். இருந்தாலும் இந்த வேலைக்கு எந்த நல்ல தண்ணீரும் ஆகாது. காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் தங்கி, வாணலியில் கடுகு வெடிக்கும் சத்தம் வரும். பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக ஓட்ட வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. பிசுக்கு போகாத எல்.பி.களுக்குத் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு ஆல்கஹால் கலந்தேன். வினைலுக்கு அது ஒன்றும் செய்யாது.

அதே தைரியத்தில், அதே துணியால், ஒரு 78ஐத் துடைத்தேன். ஏதோ ஒரு ஃபாக்ஸ்டிராட் நடன இசைத் தட்டு. இரண்டு இழுப்புதான். துணி காபிக்கொட்டை நிறமாகிவிட்டது. தட்டின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்பு போய் சாம்பல் பூத்தது. கீழே கதவு இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். “அவலரக்குல ஸ்பிரிட்டை ஊத்துனா கரையாம என்னங்க செய்யும்? நாங்க பாலிஷ் காய்ச்சுறதே அப்படித்தானே.”

உண்மைதான். 78 வேகத் தட்டு வினைல் அல்ல. அரக்குப் பூச்சி சுரக்கும் அவலரக்கோடு கல் மாவும் கரியும் கலந்து அழுத்தியது. அந்த வீட்டுத் தேக்குக் கதவில் மின்னுவதும் அதே அரக்குத்தான். உலகத்துக்கே அரக்கு நம் நாட்டிலிருந்துதான் அதிகம் போனது. ஜாஸ் முதலில் ஒலித்ததே நம் பூச்சியின் எச்சிலில் என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நல்லவேளை, கெடுத்தது அந்த ஃபாக்ஸ்டிராட். அதற்கடுத்து இருந்தது டெடி வெதர்ஃபோர்ட். அமெரிக்கப் பியானோக்காரர். பம்பாய் தாஜிலும் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலிலும் வாசித்து, கல்கத்தாவிலேயே தட்டு கொடுத்து, 1945இல் அங்கேயே காலராவில் இறந்துபோனவர். அதன்மேல் அந்தத் துணி பட்டிருந்தால் எனக்குத் தூக்கம் போயிருக்கும். 78களை ஆல்கஹால் இல்லாமல், தண்ணீரையும் ஊறவிடாமல், ஈரத்துணியால் ஒற்றி உடனே துடைத்துவிட்டேன்.

நெளிந்த நான்குக்கும் ஆத்தங்குடி கைகொடுத்தது. அங்கே தரைக்கல் செய்பவர்கள் கண்ணாடிப் பலகை மேல்தான் அச்சு வைத்து வண்ணச் சிமென்டை ஊற்றுவார்கள். காய்ந்தபின் கண்ணாடி தானாக விலகி வரும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. தடித்த, சமதளமான கண்ணாடி இந்த வட்டாரத்தில் வேறெங்கே கிடைக்கும்? பழைய பலகை இரண்டு வாங்கிவந்தேன். தட்டைக் கழுவிக் காயவைத்து (ஒரு மணல் இருந்தாலும் பள்ளத்தில் பதிந்துவிடும்) இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வைத்து, காலை வெயில் முற்றத்தில் விழும் இடத்தில் அரை மணி நேரம். பிறகு நிழலுக்கு இழுத்து, மேலே இரண்டு செங்கல் ஏற்றி, மறுநாள் காலைவரை தொடவே இல்லை. உச்சி வெயிலில் வைத்தால் பள்ளமே உருகிவிடும். கீறல் விழுந்த ஒரு சினிமாத் தட்டைத்தான் முதலில் பலி கொடுத்துப் பார்த்தேன். நான்கில் மூன்று நேரானது. நான்காவது ஒருபக்க நெளிவைவிட்டு இன்னொரு பக்கம் நெளிந்துகொண்டது. அதை அப்படியே விட்டாயிற்று.

பெட்டியைப் பட்டாசாலையில் வைத்தோம். கொத்தனாரிடமிருந்து ரசமட்டம் வாங்கி மட்டம் பார்த்தால், தரை முற்றத்தை நோக்கி வாட்டமாக ஓடுகிறது, மழைத்தண்ணீர் வடிவதற்காக. ஒரு பக்கக் காலின்கீழ் இரண்டு பழைய ஐந்து ரூபாய் நாணயம்.

வேகம் பார்க்க ஜெராக்ஸ் கடையில் ஒரு கோட்டு வட்டம் அச்சடித்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றும் தட்டில் 180 கோடுகள் சம இடைவெளியில் இருந்தால், ஒவ்வொரு சிமிட்டலுக்கும் ஒரு கோடு அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்து, எல்லாம் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வீட்டுக்காரர்கள் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. அது சிமிட்டுவதே இல்லை. சமையல்கட்டு வழியில் பழைய சோக் போட்ட டியூப்லைட் ஒன்று மிச்சமிருந்தது. அதன்கீழ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கோடுகள் கிட்டத்தட்ட நின்றன. நிமிடத்துக்கு 20 கோடு மெல்ல முன்னே நகர்ந்தது. 6000க்கு 20. விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுதல், அவ்வளவுதான். இந்த விலைப் பெட்டிக்கு அது வெற்றி.

முதலில் போட்டது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. உறையிலேயே அதிகம் புரட்டிய தேய்மானம் தெரிந்தது அதில்தான். முதல் பாட்டு ‘சோ வாட்’. டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஒரு கேள்வி கேட்க, மற்றவர்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்வார்கள். நம் சுருதிக் கணக்கில் அது இரண்டு கட்டை ஆதார சுருதியில் கரகரப்பிரியா ராகத்தின் சுர வரிசை. நடுவில் கொஞ்ச நேரம் அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறி, மறுபடி இறங்கும். வீட்டில் சாதகம் பண்ண வைத்திருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி என் பையில் இருந்தது. ஆசைக்கு அதை இரண்டு கட்டையில் வைத்து, கூடவே ஓடவிட்டேன்.

சேரவில்லை. தட்டு மேலே நின்றது. அரைக் கட்டை அளவு இல்லை, அதற்கும் குறைவுதான், ஆனால் பல் கூசும் அளவுக்கு.

சுருதிப் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். அது சரியாக இருந்தது. அடுத்து என்னையே: ரப்பரைத் தேய்த்துக் கெடுத்துவிட்டேனோ? பேரனுக்குச் சொன்ன பாடத்தை மறந்து, இரண்டு நாள் அந்தச் சக்கரத்தையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் வழுக்கினால் வேகம் குறையுமே தவிர ஏறாது என்று தோன்றவே இல்லை. புல்லியைக் கழற்றித் தேய்க்கலாமா என்றுகூட யோசித்தேன். அரம் கையில் எடுத்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நிறுத்தியது இரண்டாவது பக்கம். தேநீர் குடிக்கும்போது சும்மா ஓடட்டும் என்று திருப்பிப் போட்டேன். ‘ஆல் ப்ளூஸ்’ ஐந்து கட்டையில் நிற்பது. சுருதிப் பெட்டியை ஐந்துக்கு மாற்றினேன். பாலும் தேனும் மாதிரிச் சேர்ந்தது. அதே பெட்டி, அதே தட்டு, அதே வேகம்! மறுபடி முதல் பக்கம்: ஏறி நிற்கிறது. புரூபெக்கின் ‘டைம் அவுட்’டை எடுத்தேன். அதுவும் 1959இல், நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனியின் அதே முப்பதாவது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. ‘டேக் ஃபைவ்’ இரண்டரைக் கட்டை. கச்சிதமாகச் சேர்ந்தது. (அந்தப் பாட்டுக்கு ஐந்து எண்ணிக்கை. நம் கண்ட சாபு ‘தக தகிட’ என்றால் இது ‘தகிட தக’. காரைக்குடி மணி ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து மிருதங்கம் வாசித்தபோது அந்த ஜாஸ்காரர்களுக்குக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.)

அப்போதுதான் எப்போதோ படித்தது மண்டையில் உறைத்தது. அந்த எல்.பி.யின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்று பாட்டும் 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவானவை. இரண்டாம் பக்கத்து இரண்டும் ஏப்ரல் 22. மார்ச்சில் பதிவு செய்த பிரதான டேப் மிஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. பேட்டரி இறங்கிய டேப்ரெகார்டரில் பேசிப் பதிந்துவிட்டு, புது பேட்டரி போட்டுக் கேட்டால் குரல் கீச்சென்று வருமே, அதேதான். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு வெட்டியபோது சுருதி ஏறிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க விற்ற தட்டெல்லாம் அப்படியே. அன்று கூடவே ஓடிய இன்னொரு மிஷினின் டேப்பை எடுத்து, 1992இல் வந்த சி.டி.யில்தான் சரிசெய்தார்கள். பிற்பாடு வாங்கிய சி.டி. ஒன்று என் வீட்டில் இருந்தது. எடுத்துவந்து ஓட்டினேன். இரண்டு கட்டை, மயிரிழை பிசகவில்லை.

ஆக, நியூயார்க்கில் ஒரு மோட்டார் சோம்பியதற்கு, பள்ளத்தூரில் நான் அரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அரத்தைப் பைக்குள் போட்டேன்.

ஆச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதலில் சி.டி.யைப் போட்டேன், இதுதான் சரியான சுருதி என்று காட்டும் ஆசையில். ஆச்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

“பாட்டு அதுதான். ஆனா அவுக போட்டது இது இல்லை தம்பி. இது கொஞ்சம் தூங்கி வழியுது.”

தட்டைப் போட்டேன். தந்தி இரண்டாவது முறை கேட்டு முடிக்குமுன் ஆச்சியின் விரல் ஊஞ்சல் சங்கிலியில் தட்டத் தொடங்கியது. பதில் வரும் இடத்தில் சரியாக இரண்டு தட்டு. நாற்பது வருடமாகக் கேட்காதவர்.

“டேப்புல தப்பாயிடுச்சு ஆச்சி, அதான் இப்படிச் சுருதி ஏறிக் கேக்குது” என்று விளக்கிப் பார்த்தேன்.

“இருக்கட்டும். இப்படித்தான் இருக்கும்.”

பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடவா என்று கேட்டேன். வேண்டாம், இதையே இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.

78களுக்கு மூன்று மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனையுள்ள தனி ஊசி வேண்டும், எல்.பி. ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் உருண்டு, அழுக்கைத்தான் வாசிக்கும். ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் முதலில் வெதர்ஃபோர்ட். ரப்பர்ச் சக்கரமும் புதிதாக மாற்ற வேண்டும். அதுவரை, கேட்டு முடித்ததும் குமிழை ஆஃபுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.